மாவு வாசனை

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய,
திங்கள், வியாழன், சனி, மாலை ஐந்து முதல் ஏழு வரை
எம்மென்டாலில் எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில்
ஒரு நீள மேசை, ஒரு விளக்கு, ஒரு கத்தி, நான்.
காட்டில் பொறுக்கிய காளான்களை
என் முன்னால் கொட்டுவார்கள்.
தின்னலாமா என்று நான் சொல்ல வேண்டும்.
அதற்கு நகராட்சி சம்பளம் தருகிறது.

இருபத்தொன்பது வயதில் பரீட்சை தேறினேன்.
ஒரு காளானைக் காட்டினால் ஒன்பது வாக்கியம் சொல்வேன்:
வித்துத்தூள் என்ன நிறம், வெட்டினால் நீலம் பாயுமா,
பீச் மரத்தடியா, ஊசியிலைக் காடா,
மழை விட்டு எத்தனையாவது நாள்.
வரிசை கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும்.
ஒருவர் கேட்டேவிட்டார்:
"அம்மணி, சூப்பு வைக்கலாமா கூடாதா?"

இப்போது அறுபத்தெட்டு.
கூடை கவிழ்கிறது, கை பிரிக்கிறது.
இது சட்டிக்கு.
இது குப்பைக்கு.
இது தெரியவில்லை, ஆகவே குப்பைக்கு.
வரிசை விறுவிறுவென்று நகர்கிறது.
அனுபவம் என்கிறார்கள்.
பால் சுண்டினாலும் குறைகிறது,
பாத்திரம் ஒழுகினாலும் குறைகிறது.
எது நடந்ததென்று
மிச்சத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மேசையை விட்டு எழுந்த பிறகும்
கை ஓய்வதில்லை.
வாக்கெடுப்புக்கு முன் தபாலில் வரும் சிவப்புக் கையேட்டை
ஒரு காலத்தில் பென்சிலோடு படித்தேன்.
இப்போது யார் எதிர்க்கிறார்கள் என்று பார்க்கிறேன்,
உறையை ஒட்டிவிடுகிறேன்.
ஹான்சுவேலி போய்ப் பதினோரு வருடம்.
யாராவது விசாரித்தால் "பொறுமைசாலி" என்கிறேன்.
அவர் ரேடியோவைச் சுவரில் அடித்த இரவுக்கு
அந்தச் சொல்லில் இடமில்லை.
அடுத்த நாள் அதன் திருகுகளை
முழங்காலிட்டுத் தேடிய காலைக்கும் இல்லை.

ஜூலையில் ரெட்டோ தொலைபேசியில் அழைத்தான்.
மனைவியைப் பிரிவது ஏன் என்று நாற்பது நிமிடம் சொன்னான்.
அவன் முடித்தபோது
எனக்குள் ஒரே ஒரு சொல் தயாராக இருந்தது:
குப்பைக்கு.
யாரை என்றுகூட நான் பார்க்கவில்லை.

போன வியாழன்
போகுமில் என்ற போலந்துத் தச்சர் வந்தார்.
கூடை முழுக்க வெள்ளை.
அறையே அரைத்த மாவாய் மணத்தது.
மாவு மணத்தால் சட்டிக்கு.
ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று, தள்ளினேன்.
பன்னிரண்டாவதில் கை நின்றுவிட்டது.
ஏனென்று எனக்குத் தெரியவில்லை.
கைக்குத் தெரிந்ததை
அது என்னிடம் சொல்லவும் இல்லை.

கண்ணாடி மாட்டிக்கொண்டு திருப்பிப் பார்த்தேன்.
மாவுக் காளானின் மடிப்புகள்
தண்டோடு வழிந்து இறங்கும்.
இதில் அவை தண்டின் அருகே வந்து
தயங்கி நின்றன.
இதுவும் மாவாய் மணக்கும்,
தின்றவரை ஆஸ்பத்திரியில் கிடத்தும்.
என் விதி குட்டையானது எந்த வருடம்?
மாவு மணத்தால் சட்டிக்கு, ஆனால்,
ஆனால், ஆனால் என்று
வால் நீண்ட விதி அது.
சுட்டுவிரல் நுனியில் ஒரே ஒரு ஆனால்
ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

விரலை மெச்சிக்கொண்டு முடித்திருப்பேன்.
எதற்கோ, தள்ளிய பதினொன்றையும்
மறுபடி இழுத்து விளக்கடியில் பரப்பினேன்.
ஏழாவதும் அதுதான்.
விரல் அதன்மேல் போயிருக்கிறது,
நிற்கவில்லை.

போகுமிலிடம் சொன்னேன்.
அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.
மாட்டில் கறக்கும் நேரமாகிவிட்டதென்று
வரிசையில் யாரோ முனகினார்.
ஒவ்வொரு கூடைக்கும் கால் மணி நேரம் எடுத்தேன்.
எட்டரைக்குத்தான் விளக்கை அணைத்தேன்.

வீட்டுக்கு வந்து ரெட்டோவை அழைத்தேன்.
"அன்று சொன்னாயே, அதை மறுபடி சொல்லு."
"எதற்கம்மா? எல்லாம் முடிந்துவிட்டது."
"முடியட்டும். முதலிலிருந்து சொல்லு."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு ஏதோ ஒரு சமையலறையில்,
ஏதோ ஒரு பிப்ரவரியில் தொடங்கினான்.

மூன்றாவது நிமிடம்
என் வலது கை மேசைமேல்
ரொட்டித் துணுக்குகளை இரண்டாகப்
பிரித்துக்கொண்டிருந்தது.

அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.
"சொல்லு," என்றேன்.